கை நிறைய விதை

மரக்குஜா என்கிற பேஷன் ஃப்ரூட் கொடியின் பூ மதியம் ஒரு மணிக்குத்தான் கண் திறக்கும். அதற்கு முன் கடவுளே வந்து கூப்பிட்டாலும் திறக்காது. சாயங்காலம் மூடிக்கொண்டால் அவ்வளவுதான், மறுநாள் என்பது அதற்குக் கிடையாது. சோம்ப்ரியோ வட்டாரத்தில் நாங்கள் மதியச் சாப்பாட்டை மென்றும் மெல்லாமலும் விழுங்குவது இதனால்தான். தட்டைக் கழுவப் போட்டுவிட்டுப் பந்தலுக்கு ஓடாத பெண் எங்கள் ஊரில் இல்லை.

அந்த ஏப்ரல் மதியம் நெய்வாவும் ஓடினாள். ஆனால் திறந்த பூவுக்காக அல்ல, திறக்காத மொட்டுக்காக. பந்தலின் கடைசியில், வாய்க்கால் ஓரக் கொடியின் அடியில் ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். இடுப்புத் துணியில் சின்னக் கத்தரிக்கோல், இடுக்கி, ரொட்டிக் கடைக் காகிதப் பைகள், சிவப்பு நூல்.

பெட்டி ஆடாமல் கீழே பிடித்துக்கொண்டு நின்றவள் தில்செயா. நெய்வாவின் புருஷன் ஒஸ்மாருக்கு அக்கா, விதவை, இதே வீட்டில்தான் இருக்கிறாள். பூவுக்கு மகரந்தப் பொடி வைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. வாய்க்கும் கிடையாது.

"மொட்டைப் பிச்சுப் பொடி வைக்கிறவள இன்னிக்குத்தான் பார்க்கிறேன். தூங்குற குழந்தை வாயில சோத்தைத் திணிக்கிற மாதிரி."

"அண்ணி, தேனீயை மட்டும் விரட்டுங்க. வந்துடுச்சு பாருங்க."

"விரட்டுறேன், விரட்டுறேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. அதே கொடிப் பொடி அதே கொடிக்குப் பிடிக்காது. என் கை நாலு வயசுல கத்துக்கிட்டது இது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. இந்தக் கொடிக்கு அப்படி ஒரு வீம்பு. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. எவ்வளவு அப்பினாலும் பூ வாடி விழுந்துவிடும். ஒரு கொடியில் விரலைத் தேய்த்து அடுத்த கொடிப் பூவில் தடவ வேண்டும், எப்போதும் அடுத்ததில்தான். தில்செயாவின் விரல்கள் தூக்கத்தில்கூட அப்படித்தான் நகரும்.

ஆனால் நெய்வாவுக்கு வேறொன்றும் தெரியும். கல்யாணத்துக்கு முன் அரசு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தவள் அவள். பூவின் வீம்பு பூ விரியும்போதுதான் முழுசாக வருகிறது. முந்தின நாள், மொட்டுக்குள் சுருண்டு கிடக்கும் சூல்முடிக்குத் தன் பொடி எது, அயல் பொடி எது என்று இன்னும் அடையாளம் தெரியாது. அந்த நேரம் பார்த்து மொட்டைத் திறந்து, அதே கொடியில் அன்று விரிந்த பூவின் பொடியை வைத்தால் சில சமயம் பிடித்துக்கொள்ளும். சில சமயம்தான்.

அந்தக் கொடிக்காக ஏன் இத்தனை பாடு? பிப்ரவரியில் வந்த நோய் பந்தல் முழுக்க இலையைச் சுருட்டி, காயைக் கட்டையாக்கிவிட்டது. வாய்க்கால் ஓரக் கொடி மட்டும் ஒன்றுமே நடக்காதது போலப் பச்சையாக நின்றது. ஜூலை பிறப்பதற்குள் வட்டாரத்தில் ஒரு கொடி விடாமல் பிடுங்கிவிட வேண்டும், நோய் பட்டினி கிடந்து சாகட்டும் என்பது சட்டம். பச்சையோ பழுப்போ, சட்டத்துக்கு எல்லாம் ஒன்றுதான். கிளையை வெட்டிப் பதியன் போட்டாலும் அதுவும் கொடிதான். விதைக்கு மட்டும் தடையில்லை, ஏனென்றால் நோய் விதையில் ஏறி வராது.

அந்த விதையும் அயல் பொடி கலக்காத விதையாக இருக்க வேண்டும். நிலையத்தில் இதே போன்ற ஒரு கொடியைப் பக்கத்துக் கொடியோடு கலந்து பார்த்தார்கள். பிறந்த நாற்றெல்லாம் நோயில் விழுந்ததை நெய்வா தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். கலந்தால் அந்தக் குணம் ஒளிந்துகொள்ளும். தனக்குத்தானே சேர்ந்தால்தான் பிள்ளைகளில் நிற்கும்.

மார்ச் முழுக்க மொட்டு மொட்டாக முயன்றாள். சிலதை மழை கெடுத்தது, சிலது அழுகி விழுந்தது. இப்போது ஏப்ரல், பூமியின் தென்பாதியில் பகல் குறுகும் மாதம், பூக்காலம் முடிந்தது. கொடியில் மிச்சம் இருந்தது விரிந்த பூ ஒன்று, நாளை விரியப்போகும் மொட்டு நாலு. விரிந்த பூவின் பொடியைத் தேனீ வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டால் கதை முடிந்தது.

முதல் மொட்டின் நுனியைக் கத்தரிக்கோலால் நேராக வெட்டினாள். உறையை விலக்கியபோது உள்ளே மூன்று சூல்முடிகள், வெளுத்து, ஈரமாக, தலை குனிந்து நின்றன. இடுக்கியில் பொடியை எடுத்து வைத்தாள். இரண்டாவது மொட்டும் நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதில் ஒரு தேனீ காதோரம் உரசிப் பறக்க, இடுக்கி வழுக்கி, தண்டு முறிந்து மூன்று சூல்முடிகளும் கையோடு வந்துவிட்டன.

"ஐயோ!"

"என்னடி ஆச்சு?"

"போச்சு அண்ணி. ஒண்ணு போச்சு."

தில்செயா வழக்கம்போலக் கேலி பேசவில்லை. நிமிர்ந்து நெய்வாவின் முகத்தைப் பார்த்தாள். "இன்னொண்ணு இருக்குல்ல? அழுதா கண்ணு மறைக்கும். கீழ இறங்கி அழு" என்றாள்.

நாலாவதையும் முடித்து, மூன்று மொட்டுக்கும் காகிதப் பை மாட்டிச் சிவப்பு நூல் கட்டிவிட்டு இறங்கியபோது ஒஸ்மார் வந்து நின்றான். நல்லவன்தான். ஆனால் பிப்ரவரியிலிருந்து நோயோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனவன். புகையிலைக் கம்பெனி ஆள் ஜெர்சன் அவனை இரண்டு தரம் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"ஒரு பேச்சுத்தான் நெய்வா. ஜூன் கடைசியில அந்த ஆள் வருவாரு. அதுக்குள்ள என் கையில கை நிறைய விதை கொடு. கொடுத்தா பந்தக்கால் நிக்கும், மறுபடியும் மரக்குஜா. இல்லேன்னா காலைப் பிடுங்கிட்டுப் புகையிலை. அப்புறம் நீ முகத்தைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"கை நிறையத்தானே? தரேன்."

அவள் புகையிலைக் காட்டில் வளர்ந்தவள். பனி நனைந்த இலையை ஒடிக்கும்போது அதன் சாறு தோல் வழியாக உள்ளே இறங்கும். பதினொரு வயதில் வரப்பில் மண்டியிட்டு வாந்தி எடுத்தது, தலை சுற்றி அம்மாவின் கால் மேலேயே விழுந்தது, மறுநாள் காலை மறுபடி அதே காடு. நெய்வாவின் மகளுக்கு வரும் செப்டம்பரில் பதினொன்று. அந்தப் பிள்ளை அந்த இலையைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

மறுநாள் மதியம் பார்த்துப் பிள்ளைக்குக் காய்ச்சல். சுகாதார நிலையத்தில் காத்துக்கிடந்துவிட்டு நெய்வா ஓடி வந்தபோது, வாய்க்கால் பக்கமிருந்து தில்செயா பொடி அப்பிய விரல்களைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"என்ன அண்ணி இந்தப் பக்கம்?"

"ஏன், இந்தப் பக்கம் வரக் கூடாதா? மத்த கொடியில நாலு பூ இருந்துச்சு, வச்சுட்டு வரேன். பிள்ளைக்கு எப்படி இருக்கு?"

பைகள் மூன்றும் அப்படியே இருந்தன. நெய்வாவுக்குச் சந்தேகம் வரவில்லை. ஏன் வரும்?

அந்த வாரம் முடிவதற்குள் பூக்கள் வாடின. காம்பு மஞ்சளாகி விழும் என்று காலையும் மாலையும் போய்ப் பார்த்தாள். விழவில்லை. மூன்றும் நின்றன. குண்டுமணி அளவில் பச்சையாக மூன்று பிஞ்சு! நெய்வா பெட்டிமேல் நின்றபடி சத்தம் போட்டு அழுதாள். ஒஸ்மார் என்னவோ ஏதோ என்று மண்வெட்டியோடு ஓடி வந்தான். அன்று இரவு சாப்பாட்டில் தில்செயா சோளக்களியோடு கோழிக்குழம்பும் வைத்து, "தின்னு, தின்னு. மந்திரக்காரி!" என்று தலையில் தட்டினாள்.

மே மாதத்தில் மந்திரக்காரிக்குத் தூக்கம் கெட ஆரம்பித்தது. இரண்டு காய் பருத்தன. பருத்தன என்றால் சாதாரணமாக அல்ல, சந்தைக்கு முதல் தரம் என்று அனுப்பலாம், அப்படி. மூன்றாவது சிறுத்து, தொட்டால் தக்கையாக இருந்தது. ஒஸ்மார் பெரிய இரண்டைக் கையில் ஏந்திப் பார்த்துப் பார்த்துப் பூரித்தான். நெய்வாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே யோசித்தாள். மரக்குஜாவில் ஒவ்வொரு விதைக்கும் ஒரு பொடி வேண்டும். விதை கூடக் கூடச் சாறும் கனமும் கூடும். மொட்டில் வைத்த பொடி அரைமனதோடு பிடிப்பது. நிலையத்தில் அவள் பார்த்த மொட்டுக் காய்களெல்லாம் நோஞ்சான்கள். இவை எப்படி இவ்வளவு கொழுத்தன? நல்ல கொடி, நல்ல மண் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வேறென்ன செய்வாள், பாவம்.

பெரிய இரண்டும் ஜூன் நடுவில் மஞ்சளாகி, காய்க்கு அவள் மாட்டியிருந்த வலைப்பையில் விழுந்தன. மூன்றாவது வலையோடு கொடியிலேயே நின்றது. விழுந்த இரண்டையும் அடுக்களை அலமாரியில் வைத்தாள். வெட்டவில்லை. தோல் சுருங்கட்டும், விதை முற்றட்டும் என்றாள். உண்மை என்னவென்றால் வெட்டிப் பார்க்க அவளுக்குப் பயம்.

ஜூன் கடைசி வெள்ளி வந்தது. அன்று மதியம் ஜெர்சன் வருவதாகச் சொல்லியிருந்தான். ஒஸ்மார் காலையிலேயே கொடிகளை அடியோடு அறுத்துச் சாய்த்தான், வாய்க்கால் ஓரத்துப் பச்சைக் கொடியையும் சேர்த்து. மிச்சக் காய்களைப் பொறுக்கியது தில்செயா. நெய்வா பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து கை கழுவி, கத்தியை எடுத்து, இனித் தள்ளிப்போட வழியில்லை என்று முதல் பழத்தை அறுத்தாள்.

உள்ளே இடமே இல்லை. சாறும் கறுப்பு விதையும் விளிம்புவரை நெருக்கியடித்து நின்றன. ஒஸ்மார் இரண்டு பழத்தையும் வடிகட்டியில் கவிழ்த்துக் கழுவி, விதையைக் கையில் அள்ளினான். கை நிறைந்து ஓரத்தில் வழிந்தது.

"கொடுத்துட்டடி! சொன்ன மாதிரியே கொடுத்துட்ட!" அவன் கண் கலங்கிவிட்டது. "வரட்டும் அந்த ஆளு. புகையிலையை நீயே பிடிச்சுக்கன்னு சொல்லிடறேன். இரு, சவரம் பண்ணிக்கறேன்."

அவன் விசிலடித்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். நெய்வா அடுப்படிப் பக்கம் நகர்ந்தாள்.

"யாரு தொட்டா?"

அடுப்படியில் நின்ற தில்செயா திரும்பவில்லை.

"அண்ணி, உங்களைத்தான் கேக்குறேன். மொட்டுக் காயில இவ்வளவு விதை வராது. பையைக் கழட்டி வேற பொடி வச்சது யாரு?"

"நான்தான்டி!" தில்செயா கரண்டியைத் தட்டென்று வைத்தாள். "நான்தான். என்ன இப்போ? மறுநாள் அதுங்க பைக்குள்ள விரிஞ்சு கிடந்துச்சு, வெறும் வயித்தோட. அதே கொடிப் பொடியில காய் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல. நீ முந்தின நாள் பெட்டி மேல நின்னு அழுத. எனக்குத் தாங்கல. பக்கத்துக் கொடியில விரலைத் தேச்சு வச்சேன். ஒரு காயாவது நிக்கட்டும், ஒஸ்மார் வாயடையட்டும், நீயும் நிம்மதியா இருன்னுதான் செஞ்சேன்."

"ஐயோ அண்ணி… குடியைக் கெடுத்துட்டீங்களே!"

"கெடுத்தேனா? கேட்டது கை நிறைய விதை. வந்துடுச்சு. வாயை மூடிக்க. ஆம்பளைக்கு என்ன தெரியப்போகுது?"

நெய்வா வடிகட்டியைப் பார்த்தாள். அதில் கொடியின் சொந்த விதை நாலைந்து கலந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். நோய் வந்து பிரித்துக் காட்டும்வரை எது எதுவென்று எவனாலும் சொல்ல முடியாது. வாயை மூடிக்கொண்டால் இன்று ஜெர்சன் திரும்பிப் போவான். அடுத்த பிப்ரவரியில் இலை சுருண்டதும் திரும்பி வருவான். அப்போது ஒஸ்மார் அவளிடம் எதையும் கேட்க மாட்டான், எதையும் நம்பவும் மாட்டான்.

"மூணுலயும் வச்சீங்களா?"

"இல்ல. ரெண்டுலதான். மூணாவது பையை அவுக்கப் போனேன், நீ கேட்டைத் தள்ளுற சத்தம் கேட்டுச்சு."

"மூணாவது எங்க? வலையோட கொடியில தொங்கிட்டிருந்துச்சே!"

தில்செயாவின் முகம் வெளுத்தது. வலது கையைத் தூக்கிப் பார்த்தாள், அது வேறு யாருடைய கையோ என்பது போல. "வலையை அவுத்தேன்… தூக்கிப் பார்த்தேன், காத்தா இருந்துச்சு… வெத்துக் காய்னு கழிவுப் பெட்டில போட்டுட்டேன். யோசிக்கவே இல்லடி. கை தானா போட்டுடுச்சு."

"பெட்டி?"

"லாரிக்காரன் அடெமிர் வந்து ஏத்திட்டுப் போயிட்டான். இப்பத்தான்."

கழிவுக் காயெல்லாம் சாறு ஆலைக்குப் போகும். அங்கே கொட்டியதும் நசுக்கல்தான். நெய்வா மோட்டார்சைக்கிளை உதைத்தாள். தில்செயா ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பின்னால் தொற்றிக்கொண்டாள்.

"மெதுவா போடி, கொன்னுடாத!" என்று ஒரு வளைவில் கத்தினாள். அடுத்த வளைவில், "என்ன மாடு மாதிரி போற, முறுக்கு!" என்று கத்தினாள்.

நெடுஞ்சாலை பெட்ரோல் பங்கில் லாரி நின்றது. அடெமிர் டயருக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்பும் தறுவாயில் இருந்தான். பெட்டிகளையெல்லாம் பின்னால் ஒன்றாகக் கொட்டியிருந்தான். முழங்காலளவு கட்டைக் காயும் வெத்துக் காயும்.

"என்னம்மா இது, போட்டதைத் திருப்பி எடுக்குறீங்க? எனக்கு ஆலை கேட்டை மூடிடுவான்!"

"மூடட்டும். நீ காத்தடி" என்று தில்செயா பாவாடையைச் சுருட்டிக்கொண்டு ஏறினாள். ஏறியவள் திகைத்து நின்றுவிட்டாள். "எல்லாமே வெத்துத்தானேடி. என் கைக்கு எல்லாம் ஒண்ணுதான். எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கையால பார்க்காதீங்க. காம்படியில பாருங்க. காஞ்ச பூச்சருகு ஒட்டியிருக்கும். மத்ததெல்லாம் நுனி சுருண்டு கூரா இருக்கும். நம்மது கத்தரிச்சது, நேரா இருக்கும்."

இருவரும் மண்டியிட்டார்கள். ஒவ்வொன்றாக எடுத்து, திருப்பி, எறிந்து, எடுத்து, திருப்பி. அடெமிர் ஹாரன் அடித்தான். அழுகிய காயின் புளிப்பு மூக்கில் ஏறியது. சருகே இல்லாத காய்கள்தான் பாதிக்கு மேல், நம்முடையதிலும் உதிர்ந்திருந்தால்? நெய்வா அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். கடைசி மூலையில் கையை விட்டபோது ஒரு சிறுகாய் உருண்டு வந்தது. காம்படியில் பழுப்புச் சருகு. ஓரம் நேராக, துணிக்கடையில் வெட்டியது போல.

"அண்ணி."

தில்செயா வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தாள். "இப்பக் கொடுத்தாலும் என் கை இதை எறியத்தான் சொல்லுது" என்றாள் மெல்ல. "வெட்டிப் பாரேன். இங்கயே."

"வேணாம்." உள்ளே வெறும் பதராக இருந்தால் வீடுவரை வண்டி ஓட்டத் தெம்பு இருக்காது என்று நெய்வாவுக்குத் தெரியும். காயை மாரோடு வைத்துச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள்.

வீட்டு வாசலில் ஜெர்சனின் வெள்ளைக் கார். தாழ்வாரத்தில் ஜெர்சன் மாத்தே என்ற மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பளபளவென்று சவரம் செய்த முகத்தோடு ஒஸ்மார் எதிரில் நின்று, "அதாவது ஐயா, எங்க வீட்டுக்காரி…" என்று ஆரம்பித்திருந்தான். இரண்டு பெண்களும் தலைமுதல் கால்வரை காய்ச்சாறோடு வந்து இறங்கியதைப் பார்த்து வாயை மூடினான்.

"ஒஸ்மார், காலையில நீ பார்த்த விதை பொய். வேற கொடிப் பொடி கலந்தது. அதை நட்டா மறுபடியும் நோயில போகும்."

"என்னடி சொல்ற?"

"நான் கலந்தேன்" என்றாள் தில்செயா. "திட்டுறதை அப்புறம் திட்டு. முதல்ல கத்தியைக் கொண்டா."

ஜெர்சன் சிரித்தான். "இந்தச் சின்னக் காய்க்கா இவ்வளவு கூத்து?"

நெய்வா தாழ்வாரத்து மேசையில் காயை வைத்து அறுத்தாள். வெள்ளைச் சதை, நடுவில் வெற்றிடம். சாறு ஒரு கரண்டிகூடத் தேறாது. அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, கறுப்பாக, முழுசாக, பருத்து, ஒன்பது விதை. நகத்தால் ஒன்றை அழுத்தினாள். கெட்டியாக இருந்தது. பதர் இல்லை.

தில்செயா மேசைமேல் குனிந்தாள். "அது பொடியே அதுக்குப் பிடிச்சிருக்கே" என்றாள். "நாலு வயசுலேருந்து முடியாதுன்னு சொல்லிட்டிருக்கேனே!"

நெய்வா ஒன்பதையும் பொறுக்கி ஒஸ்மாரின் வலது உள்ளங்கையில் வைத்தாள். அந்தப் பெரிய கையில் அவை எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தன. "கை நிறையன்னு சொன்னேன். இவ்வளவுதான் உண்மையானது. வேற இல்ல" என்றாள்.

ஒஸ்மார் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். அறுத்துச் சாய்த்த கொடிகள் அவனுக்குப் பின்னால் வாடிக் கிடந்தன. ஜெர்சன் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டான்.

"சரி ஒஸ்மார், இதுக்கு மேல என்ன இருக்கு? நாத்து திங்கக்கிழமை வந்துடும். பேச்சை முடிச்சுக்குவோம்" என்று வலது கையை நீட்டினான்.

தில்செயா தம்பியின் கையைப் பிடித்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கட்டைவிரலை மேலே வைத்து அழுத்தினாள்.

"இப்பப் பாரு. நிறைஞ்சிருக்கா இல்லியா?"

ஒஸ்மார் நெய்வாவைப் பார்த்தான். ஜெர்சனின் கை இன்னும் நீண்டபடியே இருந்தது. ஒஸ்மார் தன் மூடிய கையை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டான்.

"மன்னிக்கணும் ஐயா" என்றான். "கை காலியா இல்ல."